மாடி போர்ஷனுக்கு வெளிநாட்டு மிஷனரித் தம்பதி வந்தால்: வீட்டுக்காரர்களுக்குச் சில யோசனைகள்

பெரம்பூர் பக்கம் மாடி போர்ஷன் காலி என்று போர்டு மாட்டினால் புரோக்கர் அழைத்து வருவது ரயில்வேயில் மாற்றலாகி வந்தவர்களைத்தான், இல்லாவிட்டால் புதுக் கல்யாண ஜோடியை. எங்கள் வீட்டுக்கு அறுபத்தெட்டு வயதில் ஒரு அமெரிக்கக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒன்றரை வருடம் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு வியாசர்பாடியிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னிடம் விசாரித்தார்கள். "எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்றுதான் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். பெயரெல்லாம் வேண்டாம், சார், அக்கா என்றே எழுதுகிறேன். நான் கூப்பிட்டதும் அப்படித்தான்.

முதலில் வருகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருந்தவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். மார்மன் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை போட்டு இரண்டிரண்டு பேராக நடக்கும் பையன்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்கள் இளவட்டம். மூத்த தம்பதிகள் கதை வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டு, சேவைக்குப் போகிறோம் என்று மனுப் போட்டு வருகிறவர்கள். 6 மாதம், 12, 18, 23 என்று காலத்தை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். வீடு வீடாகக் கதவு தட்டும் வேலை அவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆபீஸ் கணக்கு, நிவாரண வேலை, ஆங்கில வகுப்பு, உள்ளூர்ச் சபையாருக்கு ஒத்தாசை என்று ஏதாவது ஒன்றைக் கொடுப்பார்கள்.

சம்பளம் கிடையாது. வாடகை, சாப்பாடு எல்லாமே அவர்கள் சேமிப்பிலிருந்துதான். தெருவில் எல்லோரும் கேட்கப்போகிற முதல் கேள்வி "எவ்வளவு குடுக்கிறாங்களாம்?" என்பதுதான், பதிலைத் தயாராக வைத்திருங்கள். எங்கள் சார் ஊரில் ஸ்கூல் பஸ் ரிப்பேர் பார்த்தவர். அக்கா பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்காரர் என்றாலே கோடீஸ்வரர் என்று வாடகையை ஏற்றிச் சொல்ல நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காகித வேலை

சாவி கொடுப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கிப் பாருங்கள். கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு இது பழக்கம். டூரிஸ்ட் விசாவில் வந்து மத ஊழியம் செய்யக் கூடாது. அதற்கென்று மிஷனரி விசா தனியாக இருக்கிறது.

வெளிநாட்டவர் நம் வீட்டில் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டியது நம் பொறுப்பு. சி ஃபார்ம் என்பார்கள். ஹோட்டலுக்கும் லாட்ஜுக்கும் மட்டும்தான் இது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுக்காரர்களுக்கும் உண்டு. அவர்கள் விசா 180 நாளைத் தாண்டியது என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அது அவர்கள் வேலை. ஆபீஸ் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருந்தாலும் முக்கால்வாசி காரியம் இணையத்திலேயே முடிந்துவிடும். ஆனால் வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் அவர்களுக்கு அந்த வேலை ஓடும். அதனால் ஒப்பந்தத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 2019-ல் நடப்புக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்தில் போட்டுப் பதிவும் செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு வரி. வீட்டில் ஜெபக் கூட்டமோ வேறு கூட்டமோ வைப்பதென்றால் எங்களிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும். "இதெல்லாம் எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வாசலில் பத்து ஜோடிச் செருப்பு கிடந்தால் நம் தெருவில் என்னென்ன கதை கிளம்பும் என்று ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வேலைக்கே போய்வந்த மனிதருக்கு எங்கே தெரியும்? அந்த வரியைப் பார்த்து சாரும் அக்காவும் முகம் சுளிக்கவில்லை. கடைசிவரை அதன்படியே நடந்தார்கள்.

வீட்டில் என்ன மாற்ற வேண்டும்

ஏ.சி. இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்வேன், முதலில் மாடிப்படியைப் பாருங்கள். வடசென்னைப் பழைய வீடுகளில் படி குறுகல், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். முட்டி வலிக்காரர்கள் ஏறி இறங்கக் கைப்பிடிக் குழாய் கட்டாயம் வேண்டும், படி வளைவில் ஒரு லைட்டும் வேண்டும். பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி, வழுக்காத தரை. இவ்வளவுதான். சோபா, டி.வி. எல்லாம் அப்புறம்.

தண்ணீர் விஷயத்தை நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் குழாயைத் திறந்தால் குடிக்கலாம் என்ற ஊரிலிருந்து வருகிறார்கள். எந்தக் குழாயில் மெட்ரோ வாட்டர், எந்தக் குழாயில் போர் தண்ணீர், எது குளிக்க, எது பாத்திரம் கழுவ என்று குழாய்மேல் பெயின்டால் குறி போட்டுவிட்டேன். பச்சை என்றால் சமைக்கலாம், சிவப்பு என்றால் வாயில் வைக்கக் கூடாது. குடிக்க 20 லிட்டர் கேன். கேன் போடும் பையனிடம் மாடியிலேயே இறக்கிவைக்கச் சொல்லி அதற்குத் தனியாகக் காசு பேசிவிடுங்கள். அறுபத்தெட்டு வயதில் அதைத் தூக்கிப் படியேறினால் அடுத்த நாள் எலும்பு டாக்டரைத்தான் தேட வேண்டும். பல் தேய்த்துக் கொப்பளிப்பதற்கும் கேன் தண்ணீர்தான் என்று சொல்லிவையுங்கள். வெளியே ஜூஸ் குடித்தால் ஐஸ் போடாமல் கேட்க வேண்டும்.

கரண்ட். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின் மாற்றும் அடாப்டர் வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். அது ஓட்டையைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் தாங்கும், ஏனென்றால் அதில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருக்கும். முடி உலர்த்தும் மெஷின், மின்சாரச் சட்டி மாதிரி அங்கிருந்து தூக்கிவரும் சூட்டு சாமான்கள் தாங்காது. அக்காவின் மெதுவாகச் சமைக்கும் சட்டி வந்த வாரமே புகைந்தது. ஒவ்வொரு சாமானிலும் அந்த எண்ணைப் படித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், இன்வெர்ட்டர். தூங்கும்போது மூச்சுத் தடைபடும் தொந்தரவுக்கு முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொள்ளும் மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த வயதில் நிறைய பேர். சார் வைத்திருந்தார். ராத்திரி கரண்ட் போனால் நமக்கு வியர்க்கும், அவ்வளவுதான். அவருக்குத் தூக்கமே போய்விடும். படுக்கையறை பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மெஷினுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார்கள். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை அதற்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

மீட்டர் தனியாக இருந்தால் நல்லது. இ.பி.யில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று யாராவது சொல்லிவைப்பார்கள், ஏ.சி. ஓடும் வீட்டில் அந்த நூறு எந்த மூலைக்கு? ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் என்று ஒரு பழைய பில்லைக் காட்டிப் புரியவையுங்கள்.

காபி கொடுக்காமல் எப்படி உபசரிப்பது

நம் வீட்டில் வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் அனுப்புவது பெரிய குற்றம். இவர்கள் சபையில் காபியும் டீயும் கூடாது. மது, புகையிலையும் கூடாது. நீங்கள் டம்ளரை நீட்டி அவர்கள் மறுத்தால் மனம் நோக வேண்டாம், அது நம்மைத் தள்ளிவைப்பது இல்லை. ஹார்லிக்ஸ், பாதாம் பால், மோர், நன்னாரி சர்பத், இளநீர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். சுக்குக் காபியில் காபித்தூள் சேர்க்காமல் சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் போட்டுக் காய்ச்சிக் காட்டினால், பேரைக் கேட்டு முதலில் தயங்கினாலும் அப்புறம் குடிப்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் சாருக்கும் சாயங்காலம் மொட்டைமாடியில் அதுதான். இவர் கோச் ஃபேக்டரி வெல்டிங் கதையைச் சொல்ல, அவர் பஸ் இன்ஜின் கதையைச் சொல்ல, பாதி சைகையில்தான் ஓடும்.

காரம் குறைத்து அனுப்புகிறேன் என்று தினமும் சமைத்துக் கொடுக்கத் தொடங்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள். இவர்கள் பதினெட்டு மாதம் இருக்கப்போகிறவர்கள். முதல் மூன்று நாள் இட்லி, பருப்பு சாதம், வாழைப்பழம் கொடுங்கள். நாலாம் நாள் மார்க்கெட்டைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வந்திருப்பதே வேலை செய்யத்தான். சொந்தமாக ஒரு தக்காளி வாங்கக்கூட விடாமல் பார்த்துக்கொண்டால் அந்த வயதில் மனிதர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார்கள்.

தள்ளுவண்டிக்காரர் காலையில் வரும்போது அக்காவை நான் தனியாகத்தான் இறங்கவிட்டேன். பால்கனியில் துணி உலர்த்துகிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டைக்காயை எடுத்து நுனி ஒடிக்காமலே கூடையில் போட்டார். வண்டிக்காரரே அதை வெளியே எடுத்து, நுனியை ஒடித்துக் காட்டி, "இப்படிப் பாத்து எடும்மா" என்றார். அக்காவும் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தார், முற்றலைத் திருப்பிப் போட்டார். கொசுறாகக் கறிவேப்பிலை கிடைத்ததும் அதற்கும் காசு எடுக்கப் போனார். "வேணாம் போ" என்று கையை ஆட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் நல்ல வெண்டைக்காய் வரத் தொடங்கியது அக்கா புண்ணியத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகமாட்டார்கள், எதுவும் வாங்கமாட்டார்கள். அன்று ஓய்வுநாள். காசிமேட்டு மீனுக்கு ஞாயிறுதான் கூட்டம் என்பதால் "வாங்க போகலாம்" என்று ஆசையாகக் கூப்பிட்டால் மறுப்பார்கள். சனிக்கிழமை விடியற்காலை கூப்பிடுங்கள், வருவார்கள். பொதுவாக மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், இரண்டு வேளை சாப்பிடுவதில்லை. அன்று பிரியாணி அண்டாவைத் திறந்து மாடிக்கு வாசம் அனுப்பாமல் இருந்தால் நல்லது. கிருத்திகைக்கு ஒருபொழுது இருக்கிற நமக்கு இது புரியாதா என்ன?

பணத்துக்கு ஒரு வார்த்தை. இங்கே பேங்க் கணக்கு இல்லாத வெளிநாட்டவருக்கு ஜிபே சட்டென்று அமையாது. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் ஷேர் ஆட்டோக்காரர் முகம் போகிற போக்கு நமக்கே தெரியும்.

தெரு, சத்தம், சாமி

பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசும் நேரம்தான் இவர்களுக்கு உயிர். அமெரிக்காவில் அவர்கள் மாநிலமான யூட்டாவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 12.30 மணி நேரமும் கோடையில் 11.30 மணி நேரமும் வித்தியாசம். இங்கே காலை 7 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே முந்தின நாள் மாலை 6.30. பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து சாப்பிட உட்காரும் நேரம். நம் வீட்டில் அதே ஏழு மணிக்குத்தான் மோட்டார் போடுவோம், மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும். மோட்டாரை ஆறரைக்கே போட்டு முடித்துவிட்டேன். செலவில்லாத உதவி, அவர்கள் மறக்காத உதவியும் அதுதான்.

நம் ஏரியாச் சத்தத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மார்கழியில் விடியற்காலையிலேயே மைக் செட். ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் வாரங்கள், ராத்திரிவரை பாட்டு. சாவு ஊர்வலம் போனால் மேளம், வெடி, ரோடு முழுக்கப் பூ. முதல் தடவை வெடிச் சத்தம் கேட்டு சார் கல்யாணம் என்று நினைத்துப் போனோடு பால்கனிக்கு ஓடினார். "படம் எடுக்கக் கூடாது சார், ஓரமா நின்னு கும்பிட்டா போதும்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சாமி ஊர்வலத்துக்கும் அதே மரியாதைதான் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கூழ் கொடுத்தால் வாங்குவதும் வாங்காததும் அவர்கள் இஷ்டம். நாம் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அக்கா கேழ்வரகு என்ன தானியம் என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"மதம் மாத்த வந்திருக்காங்களா?" இந்தக் கேள்வி வந்தே தீரும். எதிர்வீட்டு அண்ணன் என்னிடம் நேராகவே கேட்டார். நீங்களே கேளுங்கள் என்று மாடிக்கு அனுப்பிவிட்டேன். சுற்றி வளைக்காமல் அவர்கள் சொன்ன பதில், "எங்கள் நம்பிக்கையைக் கேட்டால் சொல்வோம், கேட்காதவர்களிடம் திணிக்க மாட்டோம்." எங்கள் வீட்டில் பிள்ளையார் மாடம் வாசலிலேயே இருக்கிறது. ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. நானும் அவர்கள் புத்தகத்தைக் கேட்டது கிடையாது. பெரம்பூர் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குப் பாதித் தெரு போகிற ஊரில் இது ஒன்றும் கஷ்டமில்லை. வீட்டுக்காரராக நாம் செய்ய வேண்டியது, அவர்களுக்காக வாதாடவும் கூடாது, அவர்களைப் பற்றித் தெருவில் கதையளக்கவும் கூடாது.

நடை, போக்குவரத்து

காலை நடைக்கு முரசொலி மாறன் பூங்காவைக் காட்டிவிட்டால் போதும், அங்கே சிநேகம் தானாக வரும். ரோடு கடப்பதை மட்டும் இரண்டு மூன்று நாள் கூடவே போய்ப் பழக்குங்கள். நம் ஊரில் வண்டி ரோட்டின் இடதுபக்கமாக ஓடும், அதனால் இறங்கும்போது முதலில் வலதுபக்கம் பார்க்க வேண்டும், அவர்கள் தலை பழக்கத்தில் இடதுபக்கம் திரும்பும். மெட்ரோ ரயில் வேலைக்காகப் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருக்கும் இடங்களில் நமக்கே வழி தெரிவதில்லை. பெரம்பூரிலிருந்து 29சி பிடித்தால் பெசன்ட் நகர் வரை போகலாம், லீவு நாளில் ஜன்னல் சீட் கிடைத்தால் மலிவான சுற்றுலா. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீடு கொடுத்திருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. 2021 முதல் அங்கே மெட்ரோ ஓடுகிறது, லிஃப்ட் வசதியும் உண்டு.

உடம்புக்கு வந்தால்

108 என்று பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அவசரத்தில் அவர்கள் கை 911-ஐத்தான் அழுத்தும். அதே தாளில் வீட்டு விலாசத்தைத் தமிழிலும் எழுதுங்கள், கூடவே பக்கத்துக் கோயிலையோ கடையையோ அடையாளம் போடுங்கள். மருந்துகளை வேதிப்பெயரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அங்கே அசிட்டமினோஃபென் என்பது இங்கே பாராசிட்டமால். பிராண்டுப் பெயரைக் கொண்டுபோனால் மெடிக்கல் ஷாப்பில் திருதிருவென்று விழிப்பார்கள். ஊரிலிருந்து மாத்திரை பார்சலில் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காமல் இங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. ஜன்னலுக்குக் கொசுவலை. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள்.

மழைக்காலம்

அக்டோபர் பாதியிலேயே பேசிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை நாள் கணக்கில் தண்ணீரில் நின்றது. கரண்ட் இல்லை, பால் இல்லை. ஐந்து நாளுக்குக் குடிதண்ணீர், பிஸ்கட், மாத்திரை, பவர் பேங்க், டார்ச் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டும் பதிவுக் காகிதமும் பிளாஸ்டிக் கவரில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி பக்கம் போக வேறு வழி எது என்று வெயில் காலத்திலேயே காட்டிவையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை வெள்ளத்தில் மாடி வீடு தெருவுக்கே பொது. கீழ்வீட்டுப் பாட்டிகள், குழந்தைகள், பூனைகள் எல்லோரும் மேலேதான் வருவார்கள், கதவைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும் என்று ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிட்டேன். ஒரு கனமழை ராத்திரி அக்கா போட்ட இலவங்கப்பட்டை ரொட்டியை எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது

போகும் தேதி அவர்களுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே தெரியும். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பணத்தை ஒதுக்கிவையுங்கள். விமானம் ஏறியவர்களிடம் போய்க் கணக்குப் பார்க்க முடியாது. கடைசி நாள் காலையில் மீட்டரை இரண்டு பேரும் சேர்ந்து படித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிஜ், மிக்ஸி, கட்டில் யாருக்கு என்ற பேச்சு ஒரு மாதம் முன்பே தெருவில் கிளம்பிவிடும். உங்கள் வாயால் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சபை மூலம் வாங்கிய சாமான் சபைக்கே திரும்பும், அடுத்து வரும் தம்பதிக்கு வேண்டுமே. மிச்சத்தை அவர்களே பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது, இஸ்திரிப் பெட்டியில் தள்ளுவண்டிக்காரர் மகள் பெயர் இருந்தது. சண்டைக்கு வந்தவர்களிடம் சீட்டைக் காட்டினேன், வேலை முடிந்தது.